கொலுவுக்கு வந்த கிளிஞ்சல்கள்

மஞ்சுளா யாரையும் லேசில் நம்பிவிட மாட்டாள். இளநீரை வெட்டுவதற்கு முன் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பாள். ஆட்டோக்காரர் ராஷ்பிஹாரி போகும் என்று சொன்னாலும், உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொண்டுதான் ஏறுவாள். லேக் மார்க்கெட்டில், வங்காளிகளுக்கு நடுவே, அவள் அண்ணன் சுப்பையா வைத்திருக்கும் கடைக்கு அப்பளமும் காபித் தூளும் வாங்க வருகிறவர்கள், "உங்க தங்கச்சி என்னய்யா, போலீஸா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"போலீஸ்காரன் பையத்தான் பாப்பான். இவ பைக்குள்ள இருக்க சோப்பு டப்பாவையும் தொறந்து பாப்பா" என்பார் சுப்பையா. சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை வழியும்.

அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. மஞ்சுளா பத்தாம் வகுப்போடு நின்றவள். எஸ்பிளனேடில் ஒரு பயண அலுவலகத்தில் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடங்களுக்கு முன், அந்த அலுவலகம் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு அந்தமானுக்குப் போனபோது, சமையலை மேற்பார்க்க இவளையும் அனுப்பியது. கிதிர்ப்பூரில் கப்பல் ஏறி, போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து படகில் ஒரு சின்னத் தீவு. சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் முழுதும் சுற்றிவிடலாம். அங்கே முகமது ரபீக் என்பவர் தென்னந்தோப்புக்குள் ஆறு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம்.

நாற்பது பேரும் இரண்டு நாள் தங்கித் திரும்பும்போது, ரபீக் இரண்டு சாக்கு மூட்டைகளைத் தள்ளுவண்டியில் வைத்துப் படகுத் துறைக்கே கொண்டு வந்துவிட்டார். தெர்மகோல் தட்டு, ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை, தண்ணீர் பாட்டில்.

"இதெல்லாம் உங்க ஊர்லேர்ந்து வந்ததுதானே? உங்க ஊருக்கே கொண்டு போங்க. இங்க இதைப் போட இடம் கிடையாது."

கூட்டிவந்த மேலாளர் சிரித்துவிட்டுப் படகில் ஏறினார். மஞ்சுளாவால் ஏற முடியவில்லை. இரண்டு சாக்கையும் தானே இழுத்துப் போட்டாள். கப்பலில் நான்கு நாள் அவற்றைக் காலடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கிதிர்ப்பூர் துறைமுகக் கூலி, "என்ன தீதி, தங்கமா?" என்று கேட்டான். குப்பை என்றதும் சுமக்காமலே போய்விட்டான். அடுத்த மாதம் அவள் வேலையை விட்டாள். ரபீக்குக்குப் போன் போட்டு, "எட்டுப் பேர் மட்டும் கூட்டிட்டு வாரேன். ஒரு காகிதம்கூட விட்டுட்டு வர மாட்டேன். ரூம் தருவீங்களா?" என்று கேட்டாள். எட்டு என்பது அவளாக நினைத்த எண் இல்லை. ரபீக்கின் கிணறு கோடையில் எட்டுப் பேருக்குத்தான் ஊறும் என்று அவரே சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் எட்டுப் பேரும் கட்டிய பையோடு சுப்பையா கடையின் மாடிக்கு வர வேண்டும். நடுவில் ஒரு வெள்ளைப் போர்வை விரித்திருக்கும். பையை அதில் கவிழ்க்க வேண்டும். மஞ்சுளா முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுப்பாள்.

"இந்த ஷாம்பு பாக்கெட் இருபதும் எதுக்கு? ஒரு டப்பாவுல ஊத்திக்கிடுங்க. இந்தத் தண்ணி பாட்டில் இங்கனயே இருக்கட்டும், எவர்சில்வர் பாட்டில் ஒண்ணு எடுங்க, அங்க காய்ச்சின தண்ணி தருவாக. கையில ரொக்கம் வேணும், ஏடிஎம் இருக்கும், ஆனா அதுல பணம் இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். காத்து அடிச்சா படகு போகாது. அதனால ஊர் திரும்புததுக்கு முன்னால ஒரு நாள் சும்மா விடுங்க, பிளேன் டிக்கெட்ட படகு வந்து சேருத அன்னிக்கே போடாதீங்க. வெயிலுக்குக் களிம்பு அப்பிக்கிட்டுக் கடல்ல எறங்காதீங்க, முழுக்கைச் சட்டை போடுங்க. தண்ணி வத்தினப்ப பாறை மேல நடக்காதீங்க, அது பாறை இல்ல, உசுரு. குளிக்க ஒரு வாளி. ரெண்டு கேட்டா நான் குடுக்க மாட்டேன்."

கடைசியாகச் சொல்வது எப்போதும் ஒன்றேதான். கரையில் கிடக்கும் சிப்பி, சங்கு, பவளப்பாறைத் துண்டு எதையும் எடுக்கக்கூடாது. செத்தது, உடைந்தது, அலையே கொண்டுவந்து காலில் போட்டது எல்லாம் சேர்த்துத்தான். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். வருகிற எல்லோரும் ஆளுக்கு ஒரு கை அள்ளினால் சின்னக் கரை எத்தனை நாள் தாங்கும் என்பது இன்னொரு பக்கம். சொல்லிவிட்டு அவள் நம்பி உட்கார்ந்திருக்க மாட்டாள். திரும்பும் நாள் காலை, ரபீக்கின் வராந்தாவில் அதே போர்வையை விரித்து எல்லார் பையையும் மறுபடி கவிழ்ப்பாள். செருப்பைத் தட்டுவாள். சுருட்டிய துண்டை உதறுவாள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இப்படிப் பதினான்கு வருடம் ஓடியது. இந்த வருடம் நவராத்திரியின் நான்காம் நாள், புதன்கிழமை காலையில், ரபீக்கிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன். பாருங்க."

பார்த்தாள். யாருடைய வீட்டிலோ கொலுப்படிக்கு முன்னால் தரையில் மணல் பரப்பி ஒரு தீவு செய்திருந்தார்கள். நீலக் காகிதக் கடல், தீக்குச்சித் தென்னை, பொம்மைப் படகு. சுற்றிலும் சிப்பிகளும் சோழிகளும். நடுவில் கிளை கிளையாக வெள்ளைப் பவளப்பாறை, ஒரு முழம் உயரம். பக்கத்தில் மடித்து வைத்த அட்டையில் அழகான தமிழ்க் கையெழுத்து: 'ரபீக் பாய் தீவிலிருந்து நேரே எங்கள் கொலுவுக்கு!'

மஞ்சுளா அட்டையைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தாள்.

"போட்டோ எங்கெங்கயோ சுத்தி எங்க தீவுக்கே வந்திருச்சு. என் பேரு போட்டிருக்கு. இங்க எல்லாரும் என்னையக் கேக்குறாங்க. சனிக்கிழமை சாயங்காலம் ரூம் விடுற எல்லாரும் கூடுறோம், இந்த சீசனுக்கு யார் யாரோட ஆளுகள ஏத்துக்கலாம்னு பேச. அதுக்குள்ள எனக்குப் பதில் வேணும். இல்லேன்னா உங்களுக்கு நான் ரூம் தர முடியாதுக்கா. ஏப்ரல்ல வந்தீகளே, அப்ப எல்லாப் பையும் பார்த்தீகளா?"

"பார்த்தேன்" என்றாள் மஞ்சுளா.

ஆனால் எட்டுப் பேரில் ஏழு பேர் பையைத்தான் பார்த்திருந்தாள். எட்டாவது அனந்தகிருஷ்ணனுடையது. வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், லேக் கார்டன்ஸ்காரர். போர்வையைப் பார்த்ததும், "முப்பது வருஷம் லாக்கர் சாவி என் இடுப்புல இருந்தது, ஒருத்தன் என் பையைத் தொட்டதில்லை" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நேரே படகுத் துறைக்கு நடந்துவிட்டார். அவள் அன்று அவரைத் தடுக்கவில்லை.

ரூம் இல்லையென்றால் அவளுக்குத் தீவு இல்லை. தீவு இல்லையென்றால் நாற்பத்துநான்கு வயதில் மறுபடி யாரோ ஒருவரின் மேசையில் டிக்கெட் எழுதப் போக வேண்டும். அதையெல்லாம் அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. படத்தை மட்டும் காட்டினாள்.

"யாரு வீடுன்னு தெரியலையா?" என்றார் சுப்பையா.

"தெரிஞ்சிக்கிடுவேன். கொலுதானே? வெத்தலை பாக்கு வாங்கப் போற பொம்பளய யாரு வாசல்ல நிறுத்துவா?"

ஏப்ரலில் வந்த எட்டுப் பேரில் நான்கு பேர் ஒரே குடும்பம், கொலு வைக்கும் வழக்கம் இல்லாதவர்கள். மிச்சம் இரண்டு வீடுகள். பெஹாலாவில் லதாவும் அவள் கணவரும். லேக் கார்டன்ஸில் அனந்தகிருஷ்ணன், அவர் மனைவி ஜெயலக்ஷ்மி. முதலில் லதா வீட்டுக்குத்தான் போனாள். தீவில் மூன்று முறை, "ஒரே ஒரு சிப்பி எடுத்தா என்னக்கா?" என்று கேட்டவள் அவள்தான்.

அன்று மாலை துர்கா பூஜைக் கூட்டத்தில் பேருந்து ஊர்ந்தது. லதா கதவைத் திறந்ததும் மஞ்சுளாவின் கண் அவளைத் தாண்டிக் கொலுப்படிக்கு முன்னால் தரையைத் தேடியது. அங்கே ஒரு கிரிக்கெட் மைதானம் இருந்தது.

"என்னக்கா, பொம்மைய விட்டுட்டு என் கட்டிலுக்கு அடியில பாக்குறீங்க? போர்வை கொண்டு வந்திருக்கீங்களா?" என்று லதா சிரித்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இது எனக்கும் வந்துச்சு, யாரு அனுப்பினான்னு தெரியல. நீங்க சிப்பியையே பாக்குறீங்க. தரையப் பாருங்க. சிவப்பு சிமெண்ட், கறுப்பு ஓரம். இந்தப் பக்கம் எல்லாம் டைல்ஸ்தான். பழைய வீடுக்கா இது."

மஞ்சுளாவுக்கு வேறு தடயம் வேண்டியிருக்கவில்லை. ஜெயலக்ஷ்மியின் வீடு அறுபது வருடமாக அவர்கள் குடியிருக்கும் கீழ்த்தளம். சிவப்புத் தரை, கறுப்பு ஓரம்.

மறுநாள் மாலை அங்கே போனாள். ஜெயலக்ஷ்மி பட்டுப்புடவையில் வாசலுக்கே வந்து, "வா மஞ்சுளா, வா வா! இன்னிக்குக் கடலைப்பருப்பு சுண்டல். உன் தீவைப் பாத்தியோ?" என்றாள்.

கூடத்தில் அதே நீலக் கடல். அதே வெள்ளைப் பவளப்பாறை. அதே அட்டை. அனந்தகிருஷ்ணன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?"

"அதான் எழுதியிருக்கேனே."

"எழுதினது நெசமா?"

ஜெயலக்ஷ்மியின் முகம் மாறியது. அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "கரியாஹாட் ஃபுட்பாத்துல வாங்கினேன். போறுமா? வந்தவா எல்லாம் 'அந்தமான் போனியே, என்ன கொண்டு வந்தே'ன்னு கேக்கறா. ஒண்ணுமே இல்லேன்னு எத்தனை பேருக்குச் சொல்றது? போட்டோவை எங்க லேக் லேடீஸ் குரூப்ல மட்டும்தான் போட்டேன். அது ஊர் சுத்தும்னு யாருக்குத் தெரியும்?"

மஞ்சுளா நம்பவில்லை. அகப்பட்டவர்கள் எல்லோரும் கடையில் வாங்கியதாகத்தான் சொல்வார்கள். "அந்தப் பவளத்தைக் கையில எடுத்துப் பாக்கலாமா?" என்று குனிந்தாள்.

"ஐயையோ, தொடாதே! கொலு வெச்சதை விஜயதசமிக்கு முன்னாடி நகத்தப்படாது. தெரியாதா நோக்கு?"

"அது செவ்வாக்கிழமை மாமி. எனக்கு சனிக்கிழமைதான் கெடு."

அனந்தகிருஷ்ணன் பேப்பரை மடித்தார். "டெக்னிகலா பார்த்தா, தரையில போடற பார்க்குங்கறது படியில வராது, ஜெயா. படியில இருக்கறதுதான் கொலு."

"நீங்க சும்மா இருங்கோ. ஆவாஹனம் பண்ணிட்டா தரையும் கொலுதான்."

"சார், உங்க பை..." என்று தொடங்கினாள் மஞ்சுளா.

"என் பையில என்ன?" என்றார் அவர். அந்தக் குரலில் முப்பது வருட லாக்கர் சாவி இருந்தது. மஞ்சுளா வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவர் ஏன் உதவிக்கு வந்தார், அந்தம்மா ஏன் தொடவிடவில்லை, இருவரும் பேசி வைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறார்களா என்று ஏரிக்கரை நெடுகிலும் யோசித்துக்கொண்டே நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கரியாஹாட்டில் நடைபாதைக் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒன்பதாவது கடையில், தார்ப்பாய்க்குக் கீழே, சோழி மாலைகளுக்கு நடுவில் அதே வடிவ வெள்ளைப் பவளப்பாறை நான்கு நின்றுகொண்டிருந்தன. நான்கும் ஒரே அச்சு. ஒரு கிளை ஒடிந்திருந்தால் நான்கிலும் அதே இடத்தில் ஒடிந்திருந்தது.

"ஆஷோல் நொய், தீதி, ப்ளாஸ்டர்" என்று, அது அசல் இல்லை என்பதைக் கடைக்காரரே சொன்னார். அசல் விற்றால் தன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். சிப்பி எல்லாம் திகா கடற்கரையிலிருந்து மூட்டையாக வருவதாம். ஜெயலக்ஷ்மியின் படத்தைக் காட்டியபோது உதட்டைப் பிதுக்கினார். பூஜைச் சந்தையில் எத்தனை பேர் வருகிறார்கள், யார் முகம் நினைவிருக்கும்?

மஞ்சுளா ஒன்றை வாங்கி அங்கேயே ஒடித்தாள். உள்ளே சுண்ணாம்பு மாதிரி மாவும், நடுவில் ஒரு கம்பியும் இருந்தன. நடைபாதையில் நின்றபடியே ரபீக்குக்கு வீடியோவில் காட்டினாள்.

"அது கடையில இருக்கது அக்கா. அந்த வீட்டுல இருக்கதும் இதுதான்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அசலை உள்ள வெச்சுக்கிட்டு, கேட்டா கடையில வாங்கினோம்னு சொல்லலாமே. வீட்டுல இருக்கத ஒடைச்சுக் காட்டச் சொல்லுங்க."

தான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது என்று மஞ்சுளாவுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை சப்தமி. லேக் கார்டன்ஸ் முழுக்க மூங்கில் தடுப்பும் 'தாக்கு' என்ற பூஜை மேளமுமாக இருந்தது. நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்து, ஜெயலக்ஷ்மியின் கூடத்தில் போனை ஒரு குத்துவிளக்கின் மேல் சாய்த்து வைத்தாள். திரையில் ரபீக். பின்னால் தென்னை மரங்கள்.

"மாமி, வணக்கம். உங்க சாமி காரியத்துல தலையிட எனக்கு இஷ்டம் இல்ல" என்றார் ரபீக். "எனக்கு செவ்வாக்கிழமை வரைக்கும் பொறுமை இருக்கு. கூட்டத்துக்கு இல்லையே. அஞ்சரைக்கு உக்காந்திருவாங்க."

"நான் பொய் சொல்லலை பாய். ஆனா கொலுவைக் கலைக்க மாட்டேன். எங்காத்துல இதுவரைக்கும் நடந்ததில்லை."

"சரி மாமி" என்ற ரபீக், மஞ்சுளா பக்கம் திரும்பினார். "அக்கா, ஒண்ணு கேக்கணும். எல்லாப் பையும் பார்த்தேன்னு புதன்கிழமை சொன்னீக. உங்க போர்வை எனக்குத் தெரியும். அதுலேர்ந்து ஒரு சோழி தப்பாது. பார்த்திருந்தா, 'என் ஆளுக எடுக்கல'ன்னு அன்னிக்கே அடிச்சுச் சொல்லியிருப்பீக. மூணு நாளா வீடு வீடா எதுக்கு அலையுறீக?"

வெளியே தாக்கு சத்தம் ஓங்கி அடங்கியது. மஞ்சுளா இத்தனை வருடம் மற்றவர்களைக் கேட்டு வந்த கேள்வி இதுபோலத்தான் இருக்கும். அது இப்படிக் குத்தும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஒரு பைய நான் பாக்கல, பாய்" என்றாள். "சாரோட பை. பெரிய மனுசர்னு விட்டுட்டேன். உங்ககிட்ட பார்த்தேன்னு பொய் சொல்லிட்டேன்."

முதலில் பேசியது ஜெயலக்ஷ்மி. ஆனால் மஞ்சுளாவிடம் இல்லை.

"என்னன்னா இது? எல்லாரும் கவுத்தா. நான் உள்பாவாடை வரைக்கும் உதறிக் காட்டினேன். நீங்க காட்டலையா?"

"நான் பேங்க்ல..."

"பேங்க்கும் ஆச்சு, லாக்கரும் ஆச்சு! உங்க கௌரவத்துக்காக இந்தப் பொண்ணு மூணு நாளா தெருத்தெருவா அலையறா. நான் திருடியா உக்காந்துண்டிருக்கேன். பையை ஒரு நிமிஷம் கவுத்திருந்தா முந்தாநாளே 'போடி, எங்காத்துல ஒண்ணும் இல்லே'ன்னு நான் சொல்லியிருப்பேன்!"

அனந்தகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுல ஒண்ணும் இல்லை, ஜெயா. அழுக்குத் துணி. அந்த மனுஷா முன்னாடி அதைக் கொட்டக் கூச்சமா இருந்தது" என்று மெல்லச் சொன்னார். மஞ்சுளா இதையும் நம்பலாமா என்று ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தாள்.

ஜெயலக்ஷ்மி கொலுவுக்கு முன் போய் நின்றாள். கற்பூரம் ஏற்றிக் காட்டினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மன்னிச்சுக்கோடி அம்மா" என்று நடுப்படி அம்பாளிடம் சொல்லிவிட்டு, குனிந்து பவளப்பாறையை எடுத்து, போன் முன்னால் வைத்து, இரண்டு கையாலும் முறித்தாள். டக்கென்று ஒரு சத்தம். சிவப்புத் தரையில் வெள்ளை மாவு கொட்டியது. நடுவில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"தெரியுதா பாய்? நன்னா பாத்துக்கோங்கோ."

"தெரியுது மாமி" என்றார் ரபீக். "இன்னும் ஒண்ணு. அந்த அட்டை. இத ஒடைச்சது நாலு பேருக்குத் தெரியும். அட்டைய ஊரே பார்த்திருக்கு. இதைப் பார்த்து வரவங்க எல்லாரும் ஒண்ணு எடுத்துட்டுப் போகலாம்னு நெனைச்சுத்தானே வருவாங்க?"

பவளத்தை முறித்ததைவிட இது ஜெயலக்ஷ்மிக்குக் கஷ்டமாக இருந்தது என்பது பார்த்தாலே தெரிந்தது. குரூப்பில் நூற்றுப் பத்துப் பெண்கள். முப்பது வருடமாக ஒருவர் கொலுவை ஒருவர் அளந்து பார்க்கிறவர்கள். ஜெயலக்ஷ்மி உதட்டைக் கடித்துக்கொண்டு, புது அட்டை எடுத்தாள். எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள்: 'சிப்பிகள் கரியாஹாட்டில் வாங்கியவை. பவளம் ப்ளாஸ்டர். தீவிலிருந்து எதுவும் எடுக்கக்கூடாது, நாங்கள் எடுக்கவில்லை.' படம் பிடித்து அதே குரூப்பில் போட்டாள். போட்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

தீவில் கூட்டம் முடிய ஆறே முக்கால் ஆனது. அதுவரை மஞ்சுளா அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஜெயலக்ஷ்மி காபி கொடுத்தாள். "மாமி, உங்களச் சந்தேகப்பட்டது தப்புதான்" என்றாள் மஞ்சுளா. "என்னைச் சந்தேகப்பட்டா பரவாயில்லே, நானே எழுதி வெச்சேனே. என் பவளத்தைச் சந்தேகப்பட்டியேன்னுதான் வருத்தம். நூத்தம்பது ரூபா" என்றாள் ஜெயலக்ஷ்மி.

போன் அடித்தது.

"அக்கா, மாமி போட்ட அட்டைய எல்லாருக்கும் காட்டினேன். உங்களுக்கு ரூம் உண்டு. நவம்பர் குரூப், ஜனவரி குரூப், ரெண்டும்."

"கிறிஸ்துமஸுக்கு?"

"கிறிஸ்துமஸுக்கு இல்ல. அன்னிக்குப் பார்த்தேன்னு சொன்னீகல்ல, அதுக்கு" என்றார். "கோவம் இல்லக்கா. ஆனா அதுக்கு."

அவளிடம் கிறிஸ்துமஸுக்குப் பெயர் கொடுத்தவர்கள் எட்டுப் பேர். அவர்கள் ஒவ்வொருவரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். "சரி பாய்" என்றாள்.

சுண்டலை வாழையிலைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு அவள் வெளியே வரவும், பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்கள் மூன்று பேர் புதுப்புடவை சரசரக்க உள்ளே போகவும் சரியாக இருந்தது. மஞ்சுளா கேட்டருகே நின்றுவிட்டாள். செருப்பு வாரை சரிசெய்வதுபோல் குனிந்து, காதை உள்ளே வைத்தாள்.

"ஓ மா, கீ ஷுந்தர்! எல்லாம் அந்தமானிலிருந்தா, போதி?" என்று ஒருத்தி அழகை வியந்து, அண்ணி முறை சொல்லி வங்காளத்தில் கேட்டாள்.

மஞ்சுளா வாரைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"நா கோ, கரியாஹாட்" என்று மறுத்தாள் ஜெயலக்ஷ்மி. அதற்கும் மேலே, அங்கிருந்து ஒரு மணலைக்கூடக் கொண்டுவரக் கூடாது, கூட்டிப் போகிறவள் பெரிய ராட்சசி, செருப்பைக்கூடத் தட்டிப் பார்ப்பாள் என்று விவரமாகச் சொல்லத் தொடங்கினாள்.

அது முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் மஞ்சுளா நிமிர்ந்து, தாக்கு சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் லேக் மார்க்கெட்டைப் பார்த்து நடந்தாள்.